தந்தை விட்டுச் சென்ற கித்தார்

(வெள்ளி விழா நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் சில சொற்கள் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது, கல்வியின் சிறப்பைப் பற்றியே பேசலாமா என்று முதலில் எண்ணினோம். ஆனால் அதனை எங்களினும் நன்றாக எடுத்துரைக்கத்தக்க பெரியோர் பலர் இம்மேடையில் உள்ளனர். ஆகவே எங்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை உங்கள்முன் வைக்க விரும்புகிறோம். அது ஒரு பழைய கித்தாரைப் பற்றியது. கல்விச் சங்கத்தின் விழாவில் கித்தாருக்கு என்ன வேலை என்று சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறோம். சற்றே பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

நாங்கள் என்று சொல்வது உடன்பிறந்தார் மூவரையும் குறிக்கும். மேடையில் நிற்பவர் ஒருவரே ஆயினும் பேச்சு மூவருடையது. மூவரும் படித்துப் பார்த்து ஒப்பிய பின்னரே இவ்வுரையைக் கொண்டுவந்துள்ளோம். அவ்வாறு ஒப்புவதற்கு எங்களுக்கு ஓராண்டுக் காலம் பிடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தந்தையார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். வட ஆர்க்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கச் சென்ற குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற அந்தச் சுரங்கங்களில், பாறை சரியாதபடி மரங்களை முட்டுக் கொடுத்து நிறுத்தும் வேலை அவருடையது. பாறையின் பாரம் கூடும்போது முட்டு மரம் முனகும். அந்த முனகலைக் கேட்டறிபவனே உயிர் பிழைப்பான். மரத்தை விரலால் தட்டி அதன் நலத்தை அறியும் வித்தையை அவர் பள்ளியில் கற்கவில்லை, இருளில் கற்றார்.

1956ஆம் ஆண்டில் சுரங்கங்களை மைசூர் அரசு ஏற்றுக்கொண்டபோது, அங்கே பணியாற்றிய ஆங்கிலேயர் சிலர் தாயகம் திரும்பினர். அவர்களுள் ஒருவர் தம் வீட்டுப் பொருள்களை விற்றார். நாற்காலியையும் மேசையையும் கண்ணாடிப் பாத்திரங்களையும் மற்றவர்கள் வாங்கிச் சென்றனர். இருபத்து நான்கு வயது இளைஞராக இருந்த எங்கள் தந்தையார் மூலையில் சாத்தி வைத்திருந்த கித்தாரின் முகப்பலகையை விரலால் தட்டிப் பார்த்தாராம். பிறகு ஒரு மாதக் கூலியை அப்படியே கொடுத்து அதனை வாங்கி வந்துவிட்டார். அன்றிரவு எங்கள் பாட்டி அடுப்பு மூட்டாமல் அழுதுகொண்டிருந்தார் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் எவருமில்லை. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீட்டுத் தாழ்வாரங்களிலிருந்து வந்த இசையைத் தெருவில் நின்று கேட்டுக் கேட்டுத் தாமே பயின்றார். இரவு ஷிப்டு இல்லாத நாள்களில் எங்கள் லைன் வீட்டு வாசலில் அமர்ந்து வாசிப்பார். திருமண வீடுகளில் வாசிப்பார். எவரிடமும் அதற்காகக் கூலி பெற்றதில்லை.

இவ்விடத்தில் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் பறை கொட்டினர். அஃது ஒப்பற்ற கலை. ஆயினும் ஊராரின் சாவுக்குக் கொட்டியே ஆக வேண்டும் என்று அதனை நம்மவர்மீது கடமையாகச் சுமத்தினர், மறுத்தவர்கள் அடிபட்டனர். இன்று நம் இளைஞர்கள் அதே பறையைத் தாமே விரும்பி, தலை நிமிர்ந்து கையில் எடுத்திருப்பது நமக்கெல்லாம் பெருமை. எங்கள் தந்தையார் காலத்தில் அந்நிலை இல்லை. எவரும் கட்டளையிடாத ஓர் இசையை, எவருக்கும் கடமைப்படாமல், தம் மனமகிழ்ச்சிக்காகவே வாசிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த உரிமைக்குத்தான் அவர் ஒரு மாதக் கூலியைக் கொடுத்தார் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

ஓய்வு பெற்றபின் அவருடைய விரல்கள் மடங்கவில்லை. கித்தார் பரணுக்குச் சென்றது. 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊரே வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறியது. கித்தாரை நினைக்க எவருக்கும் நேரமில்லை. 2018ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். காரியங்கள் முடிந்தபின் பரணைத் துப்புரவு செய்தபோது அது எங்கள் கைக்கு வந்தது.

அன்பர்களே! எங்கள் பாட்டனார் எங்கள் தந்தைக்கு விட்டுச் சென்றது ஒரு கடன் பத்திரம். அதற்கு முந்தியவர்கள் விட்டுச் சென்றதும் அதுவே. சொத்தில்லாத வீட்டில் சொத்துச் சண்டையும் இல்லை. பங்கிடுவது எப்படி என்பதை நாங்கள் பார்த்தறியோம். வழிவழியாக நிலமும் நகையும் உடையவர்கள் அந்தப் பழக்கத்தையும் வழிவழியாகப் பெறுகிறார்கள். எங்களுக்கோ எல்லாமே முதல் தடவை. ஆகவே தவறு செய்தோம்.

எங்களுள் மூத்தவர், விற்றுவிடலாம் என்றார். அவருடைய மகள் செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறாள். கட்டணம் கட்ட நாள் நெருங்கியிருந்தது. "அப்பா உயிரோடிருந்தால் பேத்தியின் படிப்புக்குக் கொடு என்றுதான் சொல்லியிருப்பார்" என்பது அவர் வாதம். நடுவிலுள்ளவர், அப்பாவின் கை பட்ட பொருளைக் காசாக்குவது பாவம், கண்ணாடிப் பெட்டி செய்து அவர் படத்தின்கீழ் வைக்க வேண்டும் என்றார். இளையவரோ, தம் மகள் கித்தார் பயில்கிறாள், வாசிக்கத் தெரிந்தவள் கையில் அது இருப்பதே முறை என்றார். மூவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. ஆயினும் மற்றவர் சொல்லில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளும் மனம் எவருக்கும் இல்லை. ஆறு மாதம் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் வந்தார். "மரம் உளுத்துவிட்டது, உங்கள் முகத்துக்காக இரண்டாயிரம் தருகிறேன்" என்றார். மூத்தவர் கொடுக்கவும் இசைந்தார். கொடுப்பதற்கு முன் தச்சரிடம் கொண்டுபோய் மேலே சுரண்டிப் புதிய வார்னிஷ் அடித்தால் இன்னும் ஐந்நூறு கூடக் கிடைக்கும் என்று எண்ணினார். அந்த இரண்டும் நடந்திருந்தால் இன்று இவ்வுரைக்கே இடமில்லை.

நடக்காமல் தடுத்தவன் யார் தெரியுமா? நம் சங்கத்தின் இரவுப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்து, இன்று பொறியியல் கல்லூரியில் பயிலும் ஒரு மாணவன். வேறு வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்தவன் கித்தாரைப் பார்த்தான். கைவிளக்கை வாங்கி அதன் ஒலித்துளைக்குள் ஒளி பாய்ச்சினான். உள்ளே, பின்பலகையின் நடுவிலுள்ள மரப்பட்டையில் எழுத்துகள் அழுந்தப் பதிந்திருந்தன. அவன் உரக்கப் படித்தான்: "சி. எஃப். மார்ட்டின், நாசரேத்து." எங்களுள் நடுவிலுள்ளவர், "நாசரேத்து நம் திருநெல்வேலிச் சீமையில் அல்லவா இருக்கிறது?" என்று கேட்டார். "இது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்து" என்றான் அவன். கழுத்து உடலோடு சேரும் கட்டையில் ஐந்து இலக்கங்கொண்ட ஓர் எண்ணும் இருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டிலேயே இருந்த எழுத்தை நாங்கள் ஒரு நாளும் படிக்கவில்லை. படித்த ஒரு கண் வந்து படித்தது.

அந்த நிறுவனத்தின் வரலாற்றைப் பின்னர் அறிந்தோம். மார்ட்டின் என்பவர் ஜெர்மனியில் பிறந்த மரவேலைக் குடும்பத்தினர். 1833இல் நியூயார்க் சென்று கடை வைத்தார். சில ஆண்டுகளுக்குப் பின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். 1898 முதல் அந்நிறுவனத்தார் தாங்கள் செய்யும் கித்தார்களுக்கு வரிசை எண் இட்டு வருகின்றனர். எந்த எண் எந்த ஆண்டுக்குரியது என்ற பட்டியல் வெளியிடப்பட்டுள்ளது. அதன்படி எங்கள் கித்தார் 1930களில் செய்யப்பட்டது. முகப்பலகை ஸ்ப்ரூஸ், பக்கமும் பின்புறமும் மகோகனி, விரற்பலகை கருங்காலி.

அதன்பின் பெங்களூரில் பழைய கித்தார்களைச் செப்பனிடும் கைவினைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் முதலில் செய்தது எங்கள் தந்தையார் செய்ததையே: விரலால் தட்டிக் கேட்டார். பிறகு சொன்னவற்றை இளைஞர்கள் குறித்துக்கொள்வது நன்று. எந்த இசைக்கருவிக்கும் இவற்றுள் பல பொருந்தும்.

ஆறு எஃகுக் கம்பிகளும் சுருதி கூட்டிய நிலையில் ஏறத்தாழ எழுபது கிலோ இழுவிசையுடன் மரத்தை இழுக்கின்றன. முறுக்கிய கம்பியுடன் தகரக் கூரையின்கீழ், பரணின் வெப்பத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் கிடந்தமையால் கம்பி தாங்கும் பாலம் பெயர்ந்திருந்தது. கழுத்து முன்னோக்கிச் சாய்ந்திருந்தது. முகப்பலகையில் ஒரு வெடிப்பும் கண்டிருந்தது. பழைய கித்தார்கள் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டப்பட்டவை. மிகுந்த வெப்பத்தில் அப்பசை இளகும். அது குறையே ஆயினும் குணமும் ஆகும். வெப்பமும் ஈரமும் காட்டிப் பிரித்து மீண்டும் ஒட்டலாம். கடையில் விற்கும் வெள்ளைப் பசையை ஊற்றிவிட்டால் பின்னர்ப் பிரிப்பது அரிது. பலகை வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வறட்சி. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வரை இருப்பது நல்லது. நீண்ட நாள் வாசிக்காவிட்டால் கம்பியைச் சற்றுத் தளர்த்தி, பெட்டியிலிட்டு, வெயிலும் அடுப்பனலும் படாத அறையில் வைக்க வேண்டும்.

வார்னிஷ் அடிக்க நினைத்ததைச் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பழைய மேற்பூச்சைச் சுரண்டினால் விலையில் பெரும்பகுதி அப்போதே போய்விடுமாம், ஒலியும் கெடக்கூடுமாம். கீறலும் மங்கலும் அதன் வயதுக்குச் சான்று. சான்றை அழிக்கலாகாது என்றார். செப்பனிட முப்பதாயிரம் ரூபாய் ஆகும் என்றும், செப்பனிட்டால் சில இலட்சம் ரூபாய் பெறும் என்றும் சொன்னார்.

இலட்சம் என்ற சொல் எங்கள் வீட்டில் சண்டையைத் தணிக்கவில்லை, வளர்த்தது. இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்காக ஆறு மாதம் பேசாதிருந்தவர்கள், இலட்சத்துக்காக ஆயுள் முழுதும் பேசாதிருக்க நேருமோ என்று அஞ்சினோம். அந்த அச்சமே எங்களை ஒரே திண்ணையில் உட்கார வைத்தது. முதலில் எவரும் முடிவு சொல்லக்கூடாது. அவரவர் கேட்டறிந்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்று விதி செய்துகொண்டோம்.

விலையைப் பற்றி அறிந்தோம். செய்தவர் யார், எந்த ஆண்டு, பகுதிகள் மாற்றப்படாதவையா, நிலை என்ன, யார் கையில் இருந்தது என்ற ஐந்தும் சேர்ந்தே விலையாகின்றன. 2020ஆம் ஆண்டில், கர்ட் கோபேன் என்னும் பாடகர் வைத்திருந்த 1959ஆம் ஆண்டு மார்ட்டின் கித்தார் அறுபது இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அது மரத்தின் விலையன்று, கையின் விலை. எங்கள் தந்தையாரின் கைக்குச் சந்தையில் விலையில்லை. அதனை அறிந்து நாங்கள் வருந்தவில்லை; ஆனால் தெரிந்துகொள்வது நலம்.

சட்டத்தைப் பற்றியும் அறிந்தோம். நூறாண்டு நிரம்பிய கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தாலான பொருள்களை நாடுவிட்டு நாடு விற்பதற்கு 1992 முதல் உலக ஒப்பந்தப்படி கடுந்தடை உள்ளது. எங்களுடையது மகோகனி, நூறாண்டும் நிரம்பவில்லை. ஆயினும் கேட்காமல் விற்றுச் சிக்கலில் மாட்டிக்கொள்வோர் உண்டு.

பிறர் தம் கருவிகளை என்ன செய்தார்கள் என்றும் பார்த்தோம். கித்தார் மேதை செகோவியா தமது புகழ்பெற்ற 1937ஆம் ஆண்டுக் கித்தாரை 1986இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அங்கே அது பாதுகாப்பாக இருக்கிறது. இத்தாலிய மேதை பகானினி, 1743இல் செய்யப்பட்ட தம் வயலினைப் பிறந்த ஊராகிய ஜெனோவாவுக்கு எழுதி வைத்தார். 1840இல் அவர் மறைந்தார். அந்நகரத்தார் அதனைப் பூட்டியே வைத்துவிடாமல், காலந்தோறும் தேர்ந்த கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் செய்கின்றனர். அருமையும் காத்து, ஒலியும் காக்கும் வழி இது. ஆனால் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். 2015இல் வெளிவந்த 'த ஹேட்ஃபுல் எயிட்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்துக்காக மார்ட்டின் அருங்காட்சியகம் 1870களின் கித்தார் ஒன்றை இரவல் கொடுத்தது. நடிகர் அதனைப் போலி என்று நினைத்து அடித்து உடைத்துவிட்டார். அவரிடம் எவரும் சொல்லவில்லை! பொருளின் அருமையைக் கைமாற்றும்போதே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எல்லாவற்றினும் எங்கள் நெஞ்சைத் தொட்டது எலிசபெத் காட்டன் என்னும் கறுப்பின அம்மையாரின் வாழ்க்கை. அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே வீட்டு வேலை செய்து, சேர்த்த கூலியில் 3.75 டாலர் கொடுத்து ஒரு கித்தார் வாங்கினார். இடக்கைப் பழக்கம் உடையவராதலால் கருவியைத் தலைகீழாகப் பிடித்துத் தாமே பயின்றார். பிறகு குடும்பமும் உழைப்பும் அவரைப் பற்பல ஆண்டுகள் இசையினின்று பிரித்தன. முதுமை நெருங்கும் வேளையில், வாஷிங்டனில் ஓர் இசைக் குடும்பத்தில் வேலை செய்தபோது, அவ்வீட்டிலிருந்த கித்தாரை எடுத்து மீண்டும் வாசித்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1985ஆம் ஆண்டில், தொண்ணூறைக் கடந்த வயதில், கிராமி விருது பெற்றார். அந்த வீட்டில் கித்தாரைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதனைக் கேட்டவுடன் எங்களுள் நடுவிலுள்ளவர், "கண்ணாடிப் பெட்டி வேண்டா" என்றார். எங்கள் வீட்டில் முதலில் இளகிய சொல் அதுதான்.

ஆனால் மூத்தவரின் மகளுடைய கட்டணம் கதையால் தீராது. நினைவைப் போற்றுகிறோம் என்று சொல்லி உயிரோடுள்ள ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவது எங்கள் தந்தைக்குச் செய்யும் மரியாதையன்று. ஆகவே கீழ்க்காணும் முடிவுகளைத் தாளில் எழுதி மூவரும் கையொப்பமிட்டோம்.

முதலாவது, அறிந்தவர் இருவரிடம் தனித்தனியே மதிப்புக் கேட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட தொகையை விலையாகக் கொண்டோம். மூத்தவரின் மூன்றிலொரு பங்கை மற்ற இருவரும் ஏற்றனர். இளையவர் வருங்கால வைப்பு நிதியில் முன்பணம் பெற்றுப் பாதியை உடனே கொடுத்தார். கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. மறுபாதியை இருபது மாதத் தவணையில் இருவரும் செலுத்தி வருகிறோம்.

இரண்டாவது, செப்பனிட்ட கித்தார் இளையவரின் மகளிடம் இருக்கும். அவள் அதற்கு உடையவள் அல்லள், காப்பாளர். ஞாயிறுதோறும் நம் சங்கக் கட்டடத்தில் நம் பிள்ளைகளுக்குக் கூலியின்றிக் கற்பிக்க வேண்டும் என்பது அவள் செலுத்தும் வாடகை. பிள்ளைகள் பயில்வதற்கு விலை குறைந்த கித்தார்கள் இரண்டு வாங்கியுள்ளோம். எனினும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையேனும் அந்தப் பழைய கித்தாரை மடியில் வைத்து வாசிக்க வேண்டும். அது எவ்வாறு வந்தது என்று கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, எவரும் அதன் மேற்பூச்சையும் பகுதிகளையும் மாற்றலாகாது. வரிசை எண், நிழற்படங்கள், செப்பனிட்ட விவரம், தந்தையார் வாங்கிய வரலாறு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

நான்காவது, எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையின் படிப்பாவது பணமின்றித் தடைப்படும் நிலை வந்தால், வேறு வழியில்லை என்று மூவரும் ஒப்பினால், அன்றே கித்தாரை விற்றுவிட வேண்டும். அதற்காக எவரும் கண்ணீர் விடலாகாது. வாங்குபவருள் வாசிக்கத் தெரிந்தவருக்கே முதலிடம். விற்ற தொகையில் பத்திலொரு பங்கு நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு.

ஐந்தாவது, தந்தையாரின் நினைவு நாளில் அவர் படத்தின்முன் அதனை வாசிக்க வேண்டும். நடுவிலுள்ளவர் கேட்ட ஒரே உரிமை இதுவே. கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் அவ்வாறு வாசிக்கக் கேட்டோம். மூவர் குடும்பமும் ஒரே பந்தியில் உண்டோம்.

இளைஞர்களே! உங்கள் வீடுகளிலும் பரண்கள் உள்ளன. அங்கே கித்தார் இல்லாதிருக்கலாம். ஒரு தவிலோ, பழைய ஆர்மோனியமோ, சங்கக் கூட்டத்தின் துண்டறிக்கைக் கட்டோ, பாட்டனார் கப்பலேறியபோது பெற்ற சீட்டோ இருக்கலாம். எடைக்குப் போடுவதற்குமுன் உள்ளே எழுத்து உண்டா என்று பாருங்கள், படியுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள். ஒருவரிடம் கேட்காமல் இருவரிடம் கேளுங்கள். வாங்க வந்தவரிடம் மட்டும் விலை கேட்காதீர்கள். பங்கு பிரிப்பதாயின் வாயால் பேசியதைத் தாளில் எழுதுங்கள். எழுதி வைப்பது நம்பிக்கையின்மையன்று, நம்பிக்கைக்குப் போடும் வேலி.

பெற்றுக்கொள்ள ஏதுமின்றிப் பல தலைமுறைகள் வாழ்ந்த நாம், இப்போதுதான் பெறத் தொடங்கியிருக்கிறோம். பெறுவதும் காப்பதும் பகிர்வதும்கூடக் கல்வியே. அந்தக் கல்வியில் எங்கள் குடும்பம் முதல் வகுப்பில்தான் இருக்கிறது. பிழைகள் பல செய்தோம்; அவற்றை உங்கள்முன் வைத்தது நீங்கள் இரண்டாம் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்காகவே.

இக்கூட்டம் முடிந்ததும் பின்னறையில் பிள்ளைகளின் வகுப்பு நடைபெறும். அந்தக் கித்தார் அங்கே இருக்கிறது. விரும்புவோர் வந்து விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். எங்கள் தந்தையார் 1956இல் கேட்ட ஒலியை நீங்களும் கேட்கலாம்.